எந்த இடத்துல?

“உத்தண்டி டோல்கேட் தாண்டினதும் இடதுபக்கம் ஒரு தண்ணி லாரி நிக்கும்ல…” என்று சார் ஆரம்பித்ததும், கோவளம் டீக்கடையில் நின்றிருந்த பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். கடைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்த சைக்கிள்கள். சார் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது. கையில் சுக்கு காபி. திருவான்மியூரிலிருந்து மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“அது ராத்திரி முழுக்க ஒழுகிட்டே இருக்கு போல. ரோட்டோரம் பாசி புடிச்சிருக்கு. இருட்டுல தெரியல. முன்சக்கரம் அப்படியே வழுக்கிடுச்சு.”

“விழுந்தீங்களா சார்?”

“இல்ல. பிரேக்கைத் தொடாம விட்டேன். அதனால தப்பிச்சேன்.”

“எந்த இடத்துல சார்? கரன்ட் கம்பத்துக்கு முன்னாடியா, தாண்டியா?”

கேட்டது ஒரு கல்லூரி மாணவன். அடுத்த பத்து நிமிடமும் அந்த ஐந்தடி ஈரத்தைப் பற்றியே பேச்சு ஓடியது. கம்பத்துக்கு முன்னாடியே ஓரத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், பின்னால் வருகிறவருக்குக் கை காட்ட வேண்டும், திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் என்பதால் கவலையில்லை. எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்று சாரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு வருடமாக இந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. நாற்பதைத் தொடும்போதுதான் மறுபடி சைக்கிளில் ஏறினேன். வாரத்தில் ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டரும் சொன்னார், தோழியும் சொன்னாள். மிதித்து முடித்ததும் நடக்கிற இந்தப் பேச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இன்று என்னை நாலு மணிக்கு எழுப்புவதில் பாதிப் பங்கு அதற்குத்தான்.

சென்னையில் விடிவதற்கு முன் கிளம்பும் குழுக்கள் பல. தாம்பரத்திலிருந்து, அண்ணா நகரிலிருந்து, பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து. 2020 ஊரடங்குக்குப் பிறகு இந்தக் கூட்டம் வெகுவாகப் பெருத்தது. 2021-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதே சாலையில் சைக்கிள் மிதித்துப் போன படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு நெடுந்தூரம் மிதிப்பவர் என்பது ஊரறிந்தது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டர் வரும். அதை நூறாக்க, வீட்டுத் தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் உண்டு. நானும் சுற்றியிருக்கிறேன்.

எல்லோர் போனிலும் ஸ்ட்ராவா செயலி இருக்கிறது. தூரம், சராசரி வேகம், ஏறிய உயரம், இதயத் துடிப்பு எல்லாம் அதில் பதிவாகும். சாலையோரப் பாசி அதில் பதிவாகாது. ஆகவேதான் டீக்கடை வேண்டியிருக்கிறது.

பத்திரிகை பெற்ற பிள்ளை

நெடுந்தூர சைக்கிள் பயணமும் அதைச் சொல்லும் பழக்கமும் ஒரே வீட்டில் பிறந்தவை. 1891-ல் ‘லெ பெத்தி ஜுர்னால்’ என்ற பாரிஸ் நாளிதழ், பாரிஸிலிருந்து கடலோர நகரமான பிரெஸ்த் வரை போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை நடத்தியது. யோசனை அதன் ஆசிரியர் பியேர் ஜிஃபாருடையது. ஷார்ல் தெரோன் என்பவர் தூங்காமல் மிதித்து, சுமார் 71 மணி நேரத்தில் முதலில் வந்தார். 1903-ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸும் ‘லோட்டோ’ என்ற பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக ஆரம்பித்ததுதான். வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத காலம். எந்த மேட்டில் யார் தளர்ந்தார், எந்த ஊர்க் கொல்லன் பட்டறையில் யார் வண்டியைச் சரிசெய்தார் என்பதை மறுநாள் பத்திரிகை சொன்னால்தான் உண்டு.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டும் 1928-ல் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள். திரும்பிய பிறகு அவர்கள் செய்த காரியம், மூவரும் சேர்ந்து அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதியது. பாலைவனத்தையும் காட்டையும் தாண்டி வந்தவர்களுக்கும் சொல்லி முடித்தால்தான் போய்வந்த கணக்குத் தீர்ந்திருக்கிறது.

காற்றும் கம்பியும்

எங்கள் பேச்சில் அதிகம் அடிபடுவது காற்று. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கு தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அதற்கு உடம்பில் அர்த்தம் தெரிந்தது சைக்கிளில்தான். மார்கழியில் தெற்கு நோக்கிப் போகும்போது வாடை முதுகில் கை வைத்துத் தள்ளும். முப்பத்திரண்டு, முப்பத்து நாலு என்று வேகம் ஏறும். கால் பழகிவிட்டது என்று மனசு குளிரும். மாமல்லபுரத்தில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வடக்கே திரும்பினால் அதே கால் பதினெட்டில் திணறும். சமதளத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மிதிக்கிற சக்தியின் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்ல எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

அதனால்தான் ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி ஒருவர் போகிறோம். நெருக்கமாகத் தொடர்ந்தால் பின்னால் வருகிறவருக்குக் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம். ஆனால் அவருக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவரின் இடுப்பும் சக்கரமும்தான் தெரியும். முன்னவர் விரலைத் தாழ்த்திக் காட்டினால் பள்ளம். உள்ளங்கையை விரித்து ஆட்டினால் மணல். “வண்டி!” என்று பின்னாலிருந்து குரல் வந்தால் எல்லோரும் ஒற்றை வரிசை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நொடியைச் சொல்லிக்கொண்டு போகிறோம். டீக்கடைப் பேச்சு அதன் தொடர்ச்சி.

அடுத்தது பங்க்சர். பெரும்பாலானோர் ஆணி என்று நினைப்பார்கள். எங்கள் எதிரி ஆணியைவிட மெல்லியது. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் எஃகு இழைகள் சாலையோரம் உதிர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றும் மயிரிழை கனம், கால் அங்குல நீளம். இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் ஒன்று ஏறிவிட்டால் மெதுவாகக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் டியூபைத் தொடும். காற்றும் சீறி இறங்காது, மெல்லக் கசியும். டியூபை மாற்றுவது எளிது. கம்பியைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால் புது டியூபும் போகும்.

அந்தத் தேடலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சார். டயரை மடியில் வைத்து, உள்பக்கம் கட்டைவிரலை மெதுவாக ஓட்டச் சொன்னார். வேகமாக ஓட்டினால் விரல் கிழியும். ஒரு சுற்று முடிந்தது, ஒன்றுமில்லை. “இப்ப எதிர்ப்பக்கமா ஓட்டுங்கம்மா. ஒருபக்கம் சாஞ்சிருந்தா இந்தப் பக்கம் வரும்போதுதான் குத்தும்.” குத்தியது. எறும்பு கடித்த அளவு. கண்ணுக்குத் தெரியவில்லை. நகவெட்டியின் நுனியால் பிடித்து இழுத்தபோது கண்ணிமை முடி போல ஒன்று வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அன்றிலிருந்து என் பையில் நகவெட்டி உண்டு. டயரை எதிர்ப்பக்கமாகவும் தடவு என்று இதுவரை ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கொல்லிமலை ஏறிவந்த பள்ளி ஆசிரியை ஒருவர் போன மாதம் தன் பயணத்தைச் சொன்னார். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறியதைப் பற்றி அவர் இரண்டு வரிதான் பேசினார். இறங்கியதைப் பற்றி அரை மணி நேரம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால், ரிம்மைப் பிடிக்கும் வகை பிரேக்கில் ரிம் சூடேறும். சூடு மிஞ்சினால் உள்ளே டியூப் வெடிக்கும். அதனால் சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று ரிம்மை விரலால் தொட்டுப் பார்த்தேன் என்றார். தொட முடிகிற சூடு வரும்வரை பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். நான் இன்னும் கொல்லிமலை போகவில்லை. போனால் எங்கே நிற்க வேண்டும் என்பது இப்போதே என் விரல் நுனியில் இருக்கிறது.

சொல்லாமல் விட்டது

ஒன்றை எழுதியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், ஈஞ்சம்பாக்கம் பக்கம், சாலை வேலை நடக்கும் இடத்தில் விழுந்தேன். வடிகால் மேல் போட்டிருந்த இரும்புக் கம்பி மூடியின் இடைவெளிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தன. குறுக்காக இருந்தால் சக்கரம் தாண்டிவிடும். நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கும். என்னுடையது இறங்கியது. முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்பு. எழுந்து, செயினை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிறு டீக்கடைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு போனேன், முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு. ஒன்றும் சொல்லவில்லை. வெட்கம். கூட்டத்தில் பெண்கள் அப்போது மூன்று பேர்தான். ஒருத்தி விழுந்தாள் என்றால் ‘இதெல்லாம் எதுக்கு’ என்ற பேச்சு எங்கிருந்தாவது கிளம்பும் என்று பயந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு மாணவி அதே மூடியில் விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, “எந்த இடத்துல?” என்று சார் அவளிடம் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு கலங்கியது. பிறகு அவளிடம் தனியாகச் சொன்னேன், எனக்கு முன்னாடியே தெரியும் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “பரவால்லக்கா” என்றாள். எனக்கு அது பரவாயில்லாத விஷயமாக இன்றுவரை ஆகவில்லை.

சாலையில் விழுந்ததைச் சொல்வது கடமை என்று நான் நினைப்பது அன்றிலிருந்துதான். ஆனால் எங்கள் பேச்சில் எனக்குப் பிடிக்காத ஒரு பகுதியும் உண்டு. ஒன்றரை லட்சம் ரூபாய் கார்பன் சட்டகத்தையும் இரண்டு லட்சம் ரூபாய் சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பேசும் பகுதி அது. அப்போது சாதாரண சைக்கிளில் வந்த புதியவர்கள் ஓரமாக நகர்ந்து நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களில் சிலர் அடுத்த வாரம் வருவதில்லை. அவர்கள் பார்த்த பள்ளமும் அவர்களோடு போய்விடுகிறது.

மரக்காணம், பின்னிரவு இரண்டே முக்கால்

‘பிரவே’ என்றொரு பயணமுறை இருக்கிறது. பாரிஸ் ஒதாக்ஸ் சங்கத்தின் விதிகள்படி உலகமெங்கும் நடக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், 300-ஐ 20 மணியில், 400-ஐ 27 மணியில், 600-ஐ 40 மணியில் முடிக்க வேண்டும். ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தவருக்குச் ‘சூப்பர் ராந்தோனர்’ என்று பெயர். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசை இதில் கிடையாது. துணைக்கு வண்டி வரக்கூடாது. போய் வந்ததற்கு அத்தாட்சியாக வழியில் அட்டையில் முத்திரையோ, ஏ.டி.எம். சீட்டோ, கடை ரசீதோ வேண்டும். இரவில் பிரதிபலிக்கும் மேல்சட்டையும் விளக்குகளும் கட்டாயம். 1891-ன் அந்த பாரிஸ்–பிரெஸ்த் பயணமே இன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை 90 மணி நேரப் பிரவேயாக நடக்கிறது. இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கில் போய்வந்திருக்கிறார்கள்.

என் முதல் 400 ஒரு பிப்ரவரி மாதம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, புதுச்சேரி, கடலூர் தாண்டி சிதம்பரம் பக்கம் திரும்பி, அதே வழியில் சென்னை. திரும்பும்போது மரக்காணம் உப்பளத்துக்கு வந்து சேர மணி இரண்டே முக்கால். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இருபுறமும் பாத்திகளில் நீர், அதில் நட்சத்திரம். என் விளக்கு வெளிச்சத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று நினைத்த நேரத்தில் எதிரே டைனமோகூட இல்லாத சைக்கிள்கள் வரிசையாக வந்தன. கேரியரில் தூக்குவாளி, நெற்றியில் சின்ன டார்ச். உப்பு வாரப் போகிறவர்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க நடுச்சாமத்திலேயே இறங்குவார்கள்.

ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்றார்.

“எங்கேருந்துமா வர்றே, இந்நேரத்துல?”

“சிதம்பரம் பக்கம் போயிட்டு வர்றேங்கய்யா. மெட்ராஸ் போகணும்.”

“பஸ்ஸு இல்லையா?”

“இருக்குங்கய்யா. சைக்கிள்லயே போகணும்னுதான்.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் சக்கரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். “டயரு இம்புட்டு ஒல்லியா இருக்கே. முன்னாடி ஒரு சின்னப் பாலம் வரும். இடது கையோரம் போகாதே, உப்பு லாரி சிந்துன கல்லும் மண்ணுமா கெடக்கு. நடுவுலயே போ.” நான் பதில் சொல்வதற்குள் மிதித்து இருட்டில் கலந்துவிட்டார்.

பாலத்தில் அவர் சொன்ன இடத்தில் அவர் சொன்னபடியே இருந்தது. காலை எட்டே காலுக்குச் சென்னை வந்து சேர்ந்தேன், நேரம் முடிய முக்கால் மணி பாக்கி.

அன்று வழியெல்லாம் எனக்கு என் சித்தி ஞாபகம். புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவோடு சேர்த்துக்கொண்டார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். மகளிர் சைக்கிள் போதவில்லை, ஆண்கள் சைக்கிளிலேயே ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பி. சாய்நாத் அதை எழுதி நாடறிந்தது. சித்தி கல்குவாரியில் வேலை பார்த்தாள், மாலையில் அறிவொளித் தொண்டர். குரங்குப் பெடலில் தொடங்கி, பாருக்கு மேல் கால் போடக் கற்று, பக்கத்து ஊருக்கு இரவு வகுப்பெடுக்கப் போனாள்.

அவள் திரும்பி வரும்வரை நாங்கள் திண்ணையில் விழித்திருப்போம். நான் அப்போது சிறுமி. சைக்கிளை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பிப்பாள். கண்மாய்க் கரையில் எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எந்தப் பனைமரத்தடியில் நாய் படுத்திருக்கும், எந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள். அதுவரை ஊர் எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதைச் சித்தப்பாவும் தாத்தாவும்தான் சொல்வார்கள். சித்தி சொன்னபோது பாட்டி குறுக்கே கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “எந்த இடத்துலடி? ஆலமரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” பாட்டி அந்த வழியாக அதுவரை போனதே இல்லை.

உப்பளத்துப் பெரியவரைப் பற்றி அடுத்த ஞாயிறு டீக்கடையில் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். பாலம் எது, எத்தனையாவது கிலோமீட்டர் என்று குறித்துக்கொண்டார்கள். சார் மட்டும் சற்று நேரம் கழித்து, “அவரு தினமும் அந்த வழியில போறாரு, இல்லையா” என்றார்.

நாங்கள் நிற்கிற டீக்கடைக்கு ஏழு மணிக்கு ஒருவர் வருவார். ரிசார்ட் ஒன்றில் இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர். பழைய ஹெர்குலிஸ், கைப்பிடியில் மஞ்சள் பை. எங்கள் வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நிறுத்துவார். டீயைக் குடித்துக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆறு வருடத்தில் அவரோடு நான் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது.

போன ஞாயிறு சார் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்.

“அண்ணே, நீங்க எந்தப் பக்கத்துலேருந்து வர்றீங்க?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “வட நெம்மேலிங்க.”

“ரோடு எப்படி இருக்கு?”

“ரோடு நல்லாத்தான் இருக்கு. வளைவுல மட்டும் சவுக்கு மெளார் கெடக்கு, நேத்து காத்துக்கு விழுந்தது. நாலு மணிக்கு ஒரு பால்காரப் பையன் சறுக்கி விழுந்தான். நாந்தான் தூக்கி விட்டேன்.”

பன்னிரண்டு பேரும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனோம். மாணவன் டம்ளரை மரத்தடித் திண்டில் வைத்துவிட்டு, “எந்த இடத்துலண்ணே?” என்றான். அவர் குனிந்து, ஒரு வேப்பங்குச்சியை எடுத்து, மண்ணில் வளைவைக் கீறத் தொடங்கினார்.